புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்

இந்த ஊர்ப் பணத்துக்குப்
புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்.
மஸ்கட் வந்த முதல் மாதம் அதில்தான் தடுமாறினேன்.
ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா.
நூறு பைசாத் தாளை மடித்து நீட்டி
"இதுக்கும் ரசீது உண்டா?" என்று கேட்பவர்கள்
வந்து நிற்கும் ஜன்னல் என்னுடையது:
மருத்துவமனையின் கீழ்த்தளம்,
மருந்தகத்துக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவே,
புற்றுநோய்ப் பிரிவு நன்கொடை.

உண்டு. எல்லாவற்றுக்கும் உண்டு.

மத்ரா மீன்சந்தையிலிருந்து கல்ஃபான் வருவார்,
சூரை நன்றாக விழுந்த வாரங்களில் மட்டும்.
தாள்களில் செதில் ஒட்டியிருக்கும்.
மெஷின் எண்ண மறுக்கும்;
விரலை நனைத்து நான் எண்ணுவேன்.
முகம் மூடிய ஒரு பெண் உறையை வைத்துவிட்டு
பெயர் கேட்பதற்குள் நடந்துவிடுவாள்.
அவளுக்கு எழுதிய ரசீதுகள் பதினொன்று
என் இழுப்பறையில்.

ஜூன் மாதம், ஒரு வியாழன், மூடப்போகும் நேரம்.
கலா கேம்ப், ஒன்பதாம் அறை,
ஐந்து கிலோ நெய் டின்னோடு வந்தது.
சட்டைகள் முதுகில் ஒட்டிக் கிடந்தன.
தச்சுவேலை மாசிலாமணிக்குத் தொண்டையில்.
முப்பத்து மூன்று முறை கதிர் வைக்க வேண்டும்.
கம்பெனி இன்ஷூரன்ஸ் பாதி வழியில் இறங்கிக்கொண்டது.
மேசையில் கவிழ்த்தார்கள்.
தமிழன் காசும் வங்காளி காசும் பட்டான் காசும்
ஒரே நெய் வாசனையில்.
212.700.
எழுநூறைச் சுழியாக்கி எழுதலாமா என்று கேட்டேன்.
"கூடாது. அது கீழ்வீட்டு நேபாளிப் பையன் குடுத்தது"
என்றார் தவசீலன்.

பத்தொன்பது முறை போனார் மாசிலாமணி.
இருபதாவது நாளின் பெயர்ப்பட்டியலில்
அவர் பெயர்மேல் கோடு.

மீதம் 86.300.
திருப்பித் தரவேண்டும், அது விதி.
போன் செய்தேன். வந்தார். கை நீட்டவில்லை.
"அவனுக்குன்னு குடுத்தாச்சு.
எங்க பைக்கே திரும்பினா அது என்ன கணக்கு?"
படிவத்தைத் திருப்பி வைத்தேன்.
இரண்டு கட்டம்: சிகிச்சை. ஆய்வு.
"ஆய்வுன்னா?"
பதினாறு வருடமாக அந்தச் சொல்லை அச்சடித்துத் தருகிறேன்,
யாரும் கேட்டதில்லை.
இன்னும் தெரியாததைத் தேடுவது என்றேன்.
"காணாமப் போனவன தேடுற மாதிரியா?"
ஏறக்குறைய, என்றேன்.
பேனாவை அழுத்திக் கட்டத்தில் குறியிட்டார்;
அடுத்த தாளிலும் அந்தத் தடம் விழுந்திருந்தது.

என் சுவருக்கு அந்தப்பக்கம் ஆய்வுக்கூடம்.
டாக்டர் ரய்யா ஒருநாள் கதவைத் திறந்து காட்டினாள்:
வெளியே நாற்பத்தாறு பாகை,
உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே எண்பது.
வெண்புகைக்குள் சின்னக் குப்பிகள்.
ஒவ்வொன்றிலும் அரிசிமணியிலும் சிறிய சதை,
கையெழுத்திட்டுச் சம்மதித்தவர்கள் விட்டுப்போனது.
அவளுக்கு எண்கள் தெரியும், பெயர்கள் தெரியாது.
எனக்கு ஒரு பெயர் தெரியும், எண் தெரியாது.
அவர் இதில் இருக்கிறாரா என்று
கேட்கக் கூடாது; கேட்கவில்லை.
குளிரில் கண் எரிந்தது. குளிரில்தான்.

86.300க்கு என்ன வாங்குவீர்கள் என்று மட்டும் கேட்டேன்.
அவள் பொய் சொல்லத் தெரியாதவள்.
"துளி எடுக்கும் குழாய்க்கு முனைகள் வேண்டும்.
ஒரு பெட்டியில் பாதி வரும்."

அதைத் தவசீலனிடம் எப்படிச் சொல்வது?
ஒரு வாரம் போனை எடுத்து எடுத்து வைத்தேன்.
கடைசியில் அவரே வந்து நின்றபோது
சொல்லிவிட்டேன், உள்ளது உள்ளபடி.
எது, எத்தனை சிறியது,
ஒரு துளிக்கு ஒன்று, பிறகு எறிந்துவிடுவார்கள் என்று.

"பாதிப் பெட்டி" என்றார்.
திரும்பவும் சொல்லிப் பார்த்தார், வாய்விட்டு,
வீடு வாங்கியவன் போல.
"எத்தன துளி வரும் அதுல?"
நானூற்றி எண்பது.
விரலில் எதையோ கூட்டிக்கொண்டே போனார்.

இந்த வியாழன் ஜன்னலில் மறுபடி அந்த டின்.
கழுவிக் காயவைத்திருக்கிறார்கள், வாசனை போகவில்லை.
கொண்டுவந்தவன் நேபாளிப் பையன்.
தமிழில் இரண்டே சொல் கற்றுக்கொண்டு வந்திருந்தான்:
"மீதிப் பாதி."

41.250.
ஒவ்வொரு இலக்கமாக எழுதினேன்.